விற்ற பிறகு வரும் விலை

நம் சமூகத்தில் வியாபார ஒழுக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் தராசும் படியும்தான் முதலில் வந்து நிற்கின்றன. நிறுவையில் மோசம் கூடாது, கலப்படம் கூடாது, வட்டியை நெருங்கக் கூடாது என்று ஜும்ஆ மேடையிலும் சங்கக் கூட்டங்களிலும் இந்தப் பக்கங்களிலும் பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. சொல்ல வேண்டியதுதான். ஆனால் மளிகைக்கும் ஜவுளிக்கும் பொருந்தி வருகிற இந்த எச்சரிக்கைகள், பாத்திரமும் மின்சாரச் சாமான்களும் விற்கிற நம்மைப் போன்றவர்களுக்குப் போதுமா என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். காற்றாடியை யாரும் எடை போட்டு விற்பதில்லை. அதில் கலப்படம் செய்ய நமக்கு வழியும் இல்லை. பெட்டியோடு வருகிறது, பெட்டியோடு போகிறது. அப்படியானால் நாம் தப்பித்துக் கொண்டோமா?

நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி யாதெனில், ஒரு பொருள் பழுதுபட்டால் அதைப் பழுது பார்க்க முடியாதபடியே செய்யப்பட்டிருக்குமானால், அதை அறிந்து விற்றவனுக்கு அதில் பொறுப்பு உண்டா, இல்லையா என்பதுதான். சகோதர வியாபாரிகள் பலர் இதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிடுகிறார்கள். "செய்தவன் ஒருவன், இறக்குமதி செய்தவன் வேறொருவன், நாம் நடுவிலே நிற்கிற ஆள். வாங்குகிறவர் பார்த்துத்தானே வாங்குகிறார்? வாரண்டி ஒரு வருஷம் என்று அட்டையில் அச்சடித்தே இருக்கிறதே!" இந்தப் பதிலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் முழு நியாயம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

மேஜைக் காற்றாடியையே எடுத்துக் கொள்வோம். அது ஓடாமல் நிற்பதற்குப் பெரிய காரணங்கள் அதிகமில்லை. அச்சு சுழலும் புஷ் எண்ணெய் வறண்டு இறுகிப் போகும். அல்லது கெப்பாசிட்டர் பலவீனப்பட்டு வேகம் குறையும். அல்லது மோட்டார் சூடேறி, உள்ளே பாதுகாப்புக்காக வைத்திருக்கும் சிறு பியூஸ் அறுந்துபோகும். இவை எல்லாமே அற்பக் காசு பெறுகிற சாமான்கள். பின்பக்கத்து மூடியை நான்கு திருகாணிகளைக் கழற்றித் திறக்க முடியுமானால் ஒரு மிஸ்திரி அரை மணி நேரத்தில் சரிபண்ணிக் கொடுத்துவிடுவார். ஆனால் அந்த மூடியைத் திருகாணியில்லாமல் அடித்து இறுக்கியிருந்தால், புஷ்ஷைத் தனியே கழற்ற முடியாதபடி மோட்டாரோடு சேர்த்து அமைத்திருந்தால், சில காசு பெறும் பியூஸுக்காக ஒரு முழுக் காற்றாடி குப்பைக்குப் போகிறது. வாங்கும்போது இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கும். இரண்டின் இறக்கைகளும் ஒரே மாதிரிதான் சுழலும்.

கணக்குக்காக ஒரு தொகையை வைத்துக் கொள்வோம். மலிவான காற்றாடி 60 வெள்ளி, இரண்டு வருஷம் ஓடும், திறக்க முடியாது. நல்ல காற்றாடி 130 வெள்ளி, இடையில் மூன்று தடவை இருபது இருபது வெள்ளி செலவழித்துப் பழுது பார்த்தால் பத்து வருஷம் ஓடும். பத்து வருஷக் கணக்கில் முன்னதற்கு 300 வெள்ளி, பின்னதற்கு 190 வெள்ளி. மலிவு என்று எண்ணி வாங்கியவர் 110 வெள்ளி கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். அந்தப் பணத்தைக் கொடுப்பவர் யார்? பெரும்பாலும் கையில் ஒரே நேரத்தில் 130 வெள்ளி இல்லாதவர். பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியும், துண்டு போடப்பட்டும், வீடமைப்புத் திட்டங்களுக்குக் கைமாறியும் போனபிறகு லயன் வீட்டை விட்டு வெளியேறி, சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் புந்தோங்கிலும் குடியேறிய குடும்பங்கள் நமது கல்லாவுக்கு முன்னால் நிற்பதை அன்றாடம் காண்கிறோம். தராசில் ஒரு பலம் குறைந்தால் நாம் பதறுகிறோம். இந்த 110 வெள்ளி எந்தத் தராசிலும் தெரிவதில்லை.

இந்த மண்ணில் பொருள்களைப் பேணுகிற அறிவு ஒரு காலத்தில் கண்ணுக்கு முன்னாலேயே கிடந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கில் எடுத்த ஈயம் உலகமெங்கும் போயிற்று. நம் வீட்டுப் பித்தளை அண்டாவுக்கும் செம்புச் சட்டிக்கும் உள்பக்கம் பூசுவதும் ஈயந்தான். ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் புளிப்பு பட்ட சமையல் களிம்பேறிக் கெட்டுவிடும் என்று வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஈயம் பூசுகிறவர் வந்து, கரியடுப்பு மூட்டி, நவச்சாரம் போட்டுத் துடைத்து, வெள்ளியாய் மின்னச் செய்து கொடுத்துவிட்டுப் போவார். அண்டா பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்தது. பாத்திரம் தேயாமல், தேய்வதற்கென்றே பூசிய ஈயம் தேய்ந்தது.

அந்த ஈயத்தை வாரிய கப்பலிலும் இதே அறிவு இருந்தது. பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங்குக்குப் போகிற சாலையில் 5ஆம் எண் ஈயக்கப்பல் இன்றும் கண்காட்சியாக நிற்கிறது. 4,500 டன் எடை. மிதவை மட்டும் 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். 1938இல் கட்டப்பட்ட அது 1982 வரை வேலை செய்தது. 44 வருஷம்! சேற்றையும் மணலையும் கல்லையும் அள்ளுகிற வேலை. சங்கிலிபோல் கோத்த வாளிகளின் உதடு ஓயாமல் உராயும், வாளியை வாளியோடு பூட்டும் முளைகள் ஓயாமல் தேயும். இத்தகைய கப்பல்களை அமைத்தவர்கள் தேயாத வாளி செய்ய முயன்று தோற்கவில்லை. எது தேயுமென்று முன்பே அறிந்து, அந்த உதட்டையும் முளையையும் மட்டும் கழற்றி மாற்றும்படி செய்து வைத்தார்கள். குடும்பத்தோடு ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார்க்கலாம். வியாபாரிகளாகிய நமக்கு அங்கே வேடிக்கையை விடப் பாடமே அதிகம்.

ரப்பர் மரத்தின் கதை இன்னும் தெளிவானது. 1877இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் 9 கன்றுகளை நட்டார். அக்காலத்து மரம் ஒன்றை இன்றும் அவ்வூரில் காட்டுகிறார்கள். பிரேசில் காட்டிலே மரத்தைக் கோடாரியால் கொத்திப் பால் எடுப்பது வழக்கமாக இருந்தது. பால் வரும், ஆனால் காயம் ஆழமாகி மரம் முண்டு முண்டாய் வீங்கிப் போகும். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி 1890களில் வேறொரு முறையைக் கண்டார். பட்டையை மெல்லிய சீவலாகச் சீவியெடுப்பது, உள்ளே வளர்ச்சி தருகிற பச்சைத் தோலைத் தொடாமல் விடுவது. அப்படிச் செய்தால் பட்டை திரும்ப வளரும், அதே இடத்தில் பிறகு மறுபடியும் வெட்டலாம், ஒரு மரம் இருபத்தைந்து முப்பது வருஷம் பால் கொடுக்கும். நம் பாட்டன்மாரையும் அவர்கள் அண்டை அயலாரையும் இந்நாட்டுக்கு இழுத்து வந்த தோட்டத் தொழில் முழுவதும் இந்த ஒரு நுணுக்கத்தின்மேல் நின்றது. மரத்தில் காயம் பட்டிருக்கிறதா என்று கங்காணி ஏன் அப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்த்தார் என்பது இப்போது விளங்கும். தொழிலாளியின் முதுகைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டார்களா என்று கேட்டால், அது வேறு கட்டுரை.

இன்றைக்கும் இந்தப் புத்தி செத்துவிடவில்லை. நாட்டிலிருந்து வருகிற மிக்ஸியின் அடியில் ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் சிறு கப்ளர் இருக்கிறதல்லவா? அது உடைந்தால் வாடிக்கையாளர் கோபமாக வருவார். உண்மையில் அது உடைவதற்காகவே அங்கே வைக்கப்பட்ட சாமான். ஜாரில் ஏதாவது சிக்கி இறுகினால் மோட்டார் எரியாமல், அற்ப விலைக் கப்ளர் உடைந்து மோட்டாரைக் காப்பாற்றுகிறது. கோயம்புத்தூர் கிரைண்டரின் பெல்ட்டும் அப்படியே. உடைய வேண்டிய இடத்தில் உடையும்படி செய்வது செய்தவனுடைய சாமர்த்தியம் மட்டுமன்று, வாங்குகிறவன்மேல் அவனுக்குள்ள கருணை என்றும் சொல்லலாம்.

இவ்வளவு சொன்னதால் பழையதெல்லாம் நல்லது, புதியதெல்லாம் மோசம் என்று நாம் சொல்ல வருவதாக யாரும் நினைக்கவேண்டாம். எவர்சில்வர் வந்தது, ஈயம் பூசும் செலவும் போயிற்று, களிம்பு பயமும் போயிற்று. பேணத் தேவையே இல்லாத பொருள், பேண முடிகிற பொருளைவிட மேலானதாக இருக்கலாம். ஈயம் பூசுகிறவரின் தொழில் போனதற்கு வருத்தப்படலாமே தவிர, அதற்காக அண்டாவையே கட்டி அழ வேண்டியதில்லை.

இதைவிடச் சிக்கலானது பல்பு விவகாரம். 1924இல் ஜெர்மனி, ஹாலந்து, பிரான்ஸ் முதலான நாடுகளின் பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனீவாவைத் தலைமையிடமாக வைத்து, பீபஸ் என்ற பெயரில் ஒரு கூட்டு அமைத்தன. பல்பு 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியலாகாது என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டன; அதிக நேரம் எரியும் பல்பு செய்த அங்கத்தினருக்கு அபராதம்! 1939இல் யுத்தம் வந்து அந்தக் கூட்டைக் குலைத்தது. கேட்டவுடன் இரத்தம் கொதிக்கிறது. எனினும் நிதானமாகப் பார்த்தால், அந்தக் காலத்து இழை பல்பை நீண்ட நாள் எரியச் செய்தால் அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் குறைவாகத்தான் வரும். பல்பில் மிச்சம் பிடித்த காசை மின்சாரப் பில்லில் கொடுக்க நேரலாம். ஆகவே 1,000 மணி என்ற அளவு தன்னளவில் அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. அநியாயம் எங்கே இருந்தது? வாங்குகிறவனுக்குச் சொல்லாமல் மூடிய அறையில் முடிவு செய்ததில் இருந்தது. இதைவிட நல்லது செய்தவனைத் தண்டித்ததில் இருந்தது. ஆயுள் குறைவதைவிட, குறைவதை மறைப்பதே பெரிய குற்றம் என்பது நமது அபிப்பிராயம்.

நமது மார்க்கம் நிற்கும் இடமும் இதுவே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட வரலாறு நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார். நனைந்ததற்காக அவரைக் கண்டிக்கவில்லை. நனைந்ததை மேலே வைத்து ஜனங்கள் பார்க்கும்படி செய்யாததற்காகவே கண்டித்தார்கள். அதிகம் பேசப்படாத மற்றொரு வரலாறு உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதை எடுத்துச் சொல்கிறார்கள். ஒரு மனிதர் 300 திர்ஹத்துக்கு ஒரு பெண் ஒட்டகத்தை விற்றார். பக்கத்தில் நின்றிருந்த ஸஹாபி வாஸிலா இப்னு அஸ்கஃ (ரலி) அவர்கள் கவனிக்கும் முன் வாங்கியவர் அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். உடனே அவர்கள் பின்னாலேயே ஓடிச்சென்று, இதை இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காக வாங்கினீரா என்று விசாரித்தார்கள். சவாரிக்கு என்றதும், இதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது, தொடர்ந்து நடை தாங்காது என்று தெரிவித்தார்கள். வாங்கியவர் திரும்பிவர, விற்றவர் 100 திர்ஹம் குறைக்க வேண்டியதாயிற்று. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் குறைபட்டுக் கொண்டார்.

இந்த வரலாற்றில் நாம் இரண்டு விஷயங்களைக் கவனிக்கிறோம். ஒட்டகம் விற்கிற நேரத்தில் நன்றாகத்தான் நின்றது. அறுப்பதற்கு வாங்கியிருந்தால் குளம்பு ஓட்டையால் எந்த நஷ்டமும் இல்லை. பல நாள் நடக்க வேண்டும் என்கிறபோதுதான் அது குறையாகிறது. அதாவது ஒரு பொருளின் குறையை இன்றைய நிலையில் மட்டும் பார்க்காமல், அது உழைக்க வேண்டிய காலத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டாவது, வாஸிலா (ரலி) அவர்கள் விற்றவரும் அல்லர், ஒட்டகத்தை வளர்த்தவரும் அல்லர், வெறுமனே நின்றிருந்தவர். அறிந்த ஒரே காரணத்தால் சொல்வது தம்மேல் கடமை என்று எண்ணினார்கள். நடுவில் நிற்கிற ஆள் என்று நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இங்கே எப்படி நிற்கும்?

ஒருவர் எதிர்வாதம் செய்யலாம், செய்யவும் செய்தார். மதரஸாவில் நம்மோடு ஓதியவர், இப்போது பெரிய வியாபாரி. ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகளில், திருப்பிக் கொடுக்க உரிமை தருகிற ஐபு என்றால் அந்த இனப் பொருளில் சாதாரணமாக இல்லாத குறையாக இருக்கவேண்டும் என்று இருக்கிறதே, இன்று சந்தையில் வருகிற காற்றாடி பெரும்பாலும் திறக்க முடியாததாகத்தானே வருகிறது, எல்லாவற்றிலும் இருப்பது எப்படிக் குறையாகும் என்று கேட்டார். கெட்டிக்காரக் கேள்வி. பத்வா சொல்ல நாம் ஆலிம் அல்ல, ஹஜ்ரத்மார்கள்தான் சொல்லவேண்டும். நமக்குத் தோன்றுவது இவ்வளவே: திருப்பித் தரும் உரிமை வாங்கியவனுக்கு உண்டா என்பது ஒரு கேள்வி, தெரிந்ததைச் சொல்லும் கடமை விற்பவனுக்கு உண்டா என்பது வேறு கேள்வி. முதலாவது இல்லாமற் போனாலும் இரண்டாவது போய்விடாது. ஊரெல்லாம் நனைந்த தானியம் விற்றாலும் நம் குவியலின் ஈரம் ஈரந்தானே?

பொருளைப் பேணுவதற்கு நம் சட்டங்கள் கொடுத்த இடத்தை வக்புச் சொத்தில் காணலாம். வக்பின் வருமானத்தில் முதல் செலவு அந்தச் சொத்தைச் செப்பனிட்டு நிலைநிறுத்துவது. அதன் பிறகே பயன் பெறுவோருக்குப் பங்கு. எழுதி வைத்தவர் அப்படி எழுதாவிட்டாலும் அதுவே முறை. ஈப்போ பாடாங் ஓரத்தில் 1908இல் ஒரு தமிழ் முஸ்லிம் வியாபாரி எழுப்பிய பள்ளிவாசலில் இன்றும் நாம் தொழுகிறோம் என்றால், ஓட்டையும் சுவரையும் தலைமுறை தலைமுறையாகப் பேணியதால்தான்.

இஃதொருபுறமிருக்க, நாட்டுச் சட்டமும் சும்மா இருக்கவில்லை. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை நம் வியாபாரிகளில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? அதன் 32ஆம் பிரிவு, சரக்கு ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்கிறபோது நீடித்து உழைப்பதையும் தரத்தில் சேர்த்துச் சொல்கிறது. 37ஆம் பிரிவு, பழுது பார்க்கும் வசதியும் உதிரிச் சாமான்களும் நியாயமான காலம் வரை கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் செய்தவன்மேல் மட்டுமல்ல, விற்பனை செய்பவன்மேலும் வைக்கிறது. அதில் ஒரு விலக்கு உண்டு: அத்தகைய வசதி கிடைக்காது என்பதை விற்கும் முன்போ விற்கும்போதோ வாங்குகிறவருக்கு அறிவித்திருந்தால் அந்தப் பொறுப்பு இல்லை. மறைக்காதே, சொல்லிவிடு! சட்டம் எழுதியவர்களும் கடைசியில் அந்தத் தானியக் குவியலின் பக்கத்தில்தான் வந்து நிற்கிறார்கள். பிரான்ஸ் தேசத்தில் 2021இல் சலவை இயந்திரம், தொலைபேசி போன்றவற்றுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று பழுது பார்க்கும் தகுதியைக் கடையிலேயே எழுதி வைக்கச் சொன்னார்கள். இந்திய அரசாங்கம் 2022இல் இதற்கென ஒரு குழு அமைத்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியமும் பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டம் செய்தது.

இனி நம்மவர்களின் கஷ்டத்துக்கு வருவோம். கைப்பேசியில் பார்த்து ஐந்து வெள்ளி குறைவாக வாங்குகிற காலத்தில், 130 வெள்ளிச் சாமானை எடுத்து வைத்து நீதி போதித்தால் கடைக்கு யார் வருவார் என்று கேட்கிறார்கள். உண்மைதான். கையில் 60 வெள்ளி மட்டும் வைத்திருக்கிற தாயாரிடம் பத்து வருஷக் கணக்கு சொல்லிப் பயனில்லை; இன்று இரவு பிள்ளைகள் புழுக்கத்தில் தூங்கவேண்டும். மலிவுச் சாமான் விற்பதே பாவம் என்று நாம் சொல்லமாட்டோம். அந்தத் தாயாருக்கு வேண்டியது மூன்று நான்கு தவணையில், வட்டி சேராமல், நல்ல சாமான் கொடுக்கிற கடை. நாலைந்து கடைகள் சேர்ந்து மொத்தமாகக் கொள்முதல் செய்தால் அது ஆகாத காரியமல்ல என்று நினைக்கிறோம். தனிக் கடையால் முடியாது என்பதை நாம் கணக்குப் பார்த்தே சொல்கிறோம்.

ரிப்பேர் ஆகிற சாமான் விற்றால் மறுபடி வியாபாரம் நடக்காது என்ற பயமோ அநாவசியமானது. 1958இல் வெளிவந்த ஹொண்டா கப் மோட்டார் சைக்கிளைப் பாருங்கள். இங்கே கப்சாய் என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். செம்மண் சாலையில் பால்வெட்டப் போனவரும், பிள்ளையைப் பள்ளிக்கு விட்டவரும், ரொட்டி விற்றவரும் அதில்தான் போனார்கள். எந்தத் தாமானிலும் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒருவர் இருப்பார், உதிரிச் சாமான் இருக்கும். அப்படியிருந்தும் விற்பனை குறைந்ததா? 2017இல் அந்த வகை வண்டி உலக அளவில் பத்துக் கோடியைத் தொட்டது. சிங்கர் தையல் மெஷினும் அப்படித்தான். நம் தையல்காரர்களின் காலடியில் பாட்டன் காலத்து மெஷின் இன்னும் ஓடுகிறது, இன்றைய ஊசி அதற்குப் பொருந்துகிறது. ஊசியும் நூலும் பாபினும் வாரும் விற்றே பிழைத்த கடைகள் நமக்குத் தெரியும். முழுச் சாமானில் கிடைக்கும் லாபத்தைவிட உதிரியில் வீதம் அதிகம் என்பது தொழில் செய்பவர் எவருக்கும் ரகசியமல்ல.

நமது கடையில் இரண்டு ரகமும் வைத்திருக்கிறோம். ஆறு மாதமாக ஒரு சிறு ஏற்பாடு நடக்கிறது. விலைச்சீட்டின் கீழே, உதிரி கிடைக்கும் அல்லது உதிரி கிடைக்காது என்று ஒரு வரி எழுதி ஒட்டுகிறோம். அதை எழுதுவதற்காக ஏஜெண்டுகளிடம், திருகாணியால் திறக்குமா, புஷ் தனியே வருமா, எத்தனை வருஷத்துக்கு வைத்திருப்பீர்கள் என்று கேட்க வேண்டியதாயிற்று. சிலர் சிரித்தார்கள். சிலர் உதிரிப் பட்டியலை உடனே அனுப்பினார்கள். அப்படி ஒரு பட்டியல் இருப்பதே அதுவரை நமக்குத் தெரியாது, யாரும் கேட்காததால் யாரும் கொடுக்கவில்லை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அந்த வரியைப் படிப்பதே இல்லை. படித்தவர்களில் சிலர் அதிக விலைச் சாமானுக்கு மாறினார்கள், சிலர் மலிவையே எடுத்துக்கொண்டு, தெரிஞ்சுதான் வாங்குறேன் பாய் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வார்த்தை நமக்குப் பெரிய ஆறுதல்.

ஒரு ஏஜெண்டின் ஆள் மட்டும், உதிரி கிடைக்காது என்ற சீட்டைக் கிழிக்காவிட்டால் சரக்கு தருவதை நிறுத்திவிடுவோம் என்று சொல்லிப் போயிருக்கிறார். அந்தச் சரக்கு நன்றாக ஓடுகிற சரக்கு, பெருநாள் நேரத்தில் அது இல்லாவிட்டால் நஷ்டம் கணிசமானது. எழுதாமல் வாயால் சொன்னால் போதுமே என்று மகன் சொல்கிறான். கூட்டம் நிறைந்த நேரத்தில் வாயால் சொல்வது மறந்துபோகும் என்று நாம் சொல்கிறோம். அந்த ஆள் அடுத்த மாதம் ஆர்டர் எடுக்க வருவார். சீட்டு இன்னும் அலமாரியில்தான் ஒட்டியிருக்கிறது.